எஸ்டேட் லைனில் புதிய தொழிலாளர் சட்டத்தை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

கோத்தகிரி மகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் அம்மா 26 வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். நான் பி.காம். முடித்துவிட்டு டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். லைனில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில், யாருக்கு ஆதாரில் பெயர் திருத்த வேண்டும், பேங்க் பாஸ்புக்கில் பதிவு போட வேண்டும், பிஎஃப் எடுக்க வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள், நானும் முடிந்தவரை ஓடுகிறேன்.

மத்திய அரசு 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்ததிலிருந்து லைன் முழுக்க அதே பேச்சு. பழைய 29 சட்டங்கள் போய் நான்கு வந்திருக்கின்றன என்பது வரைக்கும் டிவியில் பார்த்துவிட்டார்கள். அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்ததுதான். ஒரு வருடம் வேலை பார்த்தாலே எல்லாருக்கும் கிராஜுவிட்டி (வேலையை விட்டு நிற்கும்போது தரும் பணிக்கொடை) என்று ஒன்று, இனிமேல் 12 மணி நேரம் மலையில் நிற்க வேண்டும் என்று ஒன்று, தோட்டத் தொழிலாளர் சட்டமே போய்விட்டதால் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று இன்னொன்று. இந்த மூன்றாவதைக் கேட்டதிலிருந்து பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தூக்கமே இல்லை. இலங்கையிலிருந்து சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்தவர். அந்த வீட்டை விட்டால் அவருக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது.

போன ஞாயிறு மகளிர் குழுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். அரசின் தமிழ்ச் செய்திக் குறிப்பைப் பிரிண்ட் எடுத்துப் போய் முதல் வரியிலிருந்து படித்தேன். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, நிலையான கால வேலைவாய்ப்பு என்று நான் படிக்கப் படிக்க எல்லாரும் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் ஒரு அத்தை மட்டும் வாயைத் திறந்தார். "அதெல்லாம் சரி கண்ணு, அடுத்த வருசம் நான் வேலையை விட்டு நின்னா எனக்கு எவ்வளவு வரும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. பேப்பரைப் புரட்டிப் பார்த்தேன், அதிலும் இல்லை.

வருகிற ஞாயிறு மறுபடி கூட்டம். இந்த முறை உருப்படியாக ஏதாவது சொல்ல வேண்டும். எஸ்டேட் ஆபீஸில் இருந்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள், இப்படி யாருக்காவது எதையாவது விளக்கிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?


பழைய செக்ரோல் எழுதியது:

மகளே, அந்த அத்தை கேட்ட கேள்வியிலிருந்தே ஆரம்பி.

கூடலூர் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீஸில் 31 வருடம் செக்ரோல், அதாவது ஆள் வருகை, கூலிக் கணக்கு, எழுதியவன் நான். உனக்கு நடந்தது எனக்கும் நடந்தது. 1995 நவம்பரில் பிஎஃப்போடு பென்ஷன் திட்டம் வந்தது. துரை, அதான் எஸ்டேட் மேனேஜர், என்னிடம் சர்க்குலரைக் கொடுத்து, காலைப் பெரட்டில் (வேலைக்குப் போகுமுன் ஆள் கணக்கெடுக்கும்போது) படித்துச் சொல்லிவிடு என்றார். நல்ல பனி, தூறல் வேறு, எல்லாரும் கம்பளியையும் பிளாஸ்டிக் தாளையும் போர்த்திக்கொண்டு கூடையோடு நிற்கிறார்கள், நான் குடையைப் பிடித்துக்கொண்டு சர்க்குலரை ஒப்பிக்கிறேன். அன்று சாயங்காலமே லைனில் என்ன பேச்சு தெரியுமா, பென்ஷன் என்று சொல்லி நம் பிஎஃப் பணத்தைப் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று. இரண்டு பேர் பிஎஃப்பை முழுதாக எடுத்துக்கொண்டு வேலையை விடவே கிளம்பிவிட்டார்கள். நான் படித்தது ஒரு வரி விடாமல் சரி, ஆனால் கேட்டவர்கள் காதில் அது போய்ச் சேரவில்லை.

அப்புறம் சம்பள நாளில் ஆபீஸ் ஜன்னல் பக்கம் ஒரு பெஞ்சைப் போட்டு, தீக்குச்சியை இரண்டு கட்டாக வைத்தேன். இது உன் கூலியில் பிடித்தது, இது கம்பெனி போட்டது. உன் கட்டை அப்படியே பிஎஃப்பில் வைக்கிறேன் பார், ஒரு குச்சி குறையாது. கம்பெனி கட்டிலிருந்து மட்டும் கொஞ்சம் குச்சியை எடுத்துத் தனியாக வைக்கிறேன், இதுதான் பென்ஷன். உன் கூலியில் 8.33 சதவீதக் கணக்கு அந்தப் பக்கம் போகும், பத்து வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதில் மாதாமாதம் திரும்பி வரும். இப்படி ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, அவரவர் சீட்டில் இருந்த தொகையை வைத்தே சொன்னேன். மூன்று சம்பள நாள் ஆனது. வேலையை விடக் கிளம்பிய இரண்டு பேரில் ஒருவர் பிறகு பல வருடம் பென்ஷன் வாங்கினார்.

அதனால் இந்த ஞாயிறு நீ எந்தப் பேப்பரும் கொண்டு போகாதே. அவரவர் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல். அந்த அத்தைக்குக் கிராஜுவிட்டிக் கணக்கை எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டு. கணக்கு லேசுதான்: ஒரு வருட சர்வீஸுக்கு 15 நாள் கூலி. பேச்சுக்கு நாள் கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொள். 15 நாளைக்கு 6,750. அத்தைக்கு 27 வருடம் 8 மாதம் ஆகிறது என்றால் 28 வருடமாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடம். ஆக 1,89,000 ரூபாய். அவர் சீட்டில் இருக்கும் அடிப்படைக் கூலியையும் பஞ்சப்படியையும் கூட்டிப் போட்டால் சரியான தொகை வந்துவிடும். இந்த 15 நாள் கணக்கு புதிதாக வந்தது இல்லை, 1972 சட்டத்திலும் இதே கணக்குதான். புதிது எது, பழசு எது என்று பிரித்துச் சொன்னாலே பாதி பயம் போய்விடும்.

இன்னொன்று, சீட்டைப் பார்க்கும்போதே பெயரையும் பார். ஒரு தாளில் அம்மா என்று முடிந்திருக்கும், ஆதாரில் அம்மாள் என்று இருக்கும். அந்த ஓர் எழுத்துக்காகப் பணம் வராமல் ஒன்றரை வருடம் அலைந்த ஒருவரோடு நானும் அலைந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பஸ் பிடித்துப் போய், டோக்கன் வாங்கி, சாயங்காலம் வெறுங்கையோடு திரும்புவோம். எந்தச் சட்டம் வந்தாலும் பெயர் பொருந்தினால்தான் பணம் கைக்கு வரும்.


மலைவழக்கு எழுதியது:

குன்னூர்க்காரன், கோவையில் தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறேன். ஐயா சொன்னதுபோல் சீட்டிலிருந்து ஆரம்பிப்பதுதான் சரி. உங்கள் மூன்று வாட்ஸ்அப் செய்திகளுக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

கிராஜுவிட்டி. ஒரு வருடத்தில் எல்லாருக்கும் என்பது தவறு. நிரந்தரத் தொழிலாளிக்கு அதே ஐந்து வருடம்தான். ஒரு வருடம் என்பது, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வேலைக்கு எடுத்தவர்களுக்கு மட்டும். இங்கேதான் எஸ்டேட்டில் குழப்பம் வரும், ஏனென்றால் நம் ஊரில் டெம்பரரி என்று பத்து வருடம் வேலை பார்ப்பவர்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம் கூட இருக்காது. காகிதம் இல்லாவிட்டால் சட்டம் சொல்லும் அந்த ஒப்பந்தத் தொழிலாளி கணக்கில் அவர் வர மாட்டார். நிரந்தரம் என்று காட்டவும் ஆதாரம் தேட வேண்டியிருக்கும், வருடத்தில் 240 நாள் வேலை செய்ததை மஸ்டரையும் (வருகைப் பதிவேடு) சீட்டையும் வைத்து நிரூபிக்க வேண்டும்.

அதனால் புதிய சட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றே ஒன்றுதான், நியமனக் கடிதம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருந்து கடிதம் இல்லாதவர்களுக்கு, சட்டம் அமலான நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்கள் கூட்டத்தில் வேறு எதுவும் பேச நேரம் இல்லாவிட்டாலும் இதைப் பேசிவிடுங்கள்.

12 மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதற்கு மேல் என்றால் தொழிலாளி சம்மதிக்க வேண்டும், அந்த நேரத்துக்கு இரண்டு மடங்கு கூலி.

வீடு. பாட்டியிடம் இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள், புதிய சட்டம் வந்ததைக் காரணம் காட்டி யாரும் வந்து வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் தனிச் சட்டமாக இப்போது இல்லை, அது உண்மை. ஆனால் தோட்டத் தொழிலாளிக்குக் குடிநீர், கழிப்பறையோடு வீடு, பிள்ளைகளுக்குக் காப்பகம், பள்ளி, மருத்துவ வசதி என்பதெல்லாம் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் தோட்டங்களுக்கென்று தனிப் பிரிவாக வந்திருக்கிறது. அவை எப்படி, எந்த அளவில் என்பதை அரசு விதிகளில் எழுத வேண்டும். இடைப்பட்ட காலத்தில் பழைய விதிகள் தொடரும் என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது. இந்த வசதிகளை முதலாளி சொந்தச் செலவில்தான் செய்ய வேண்டும் என்று இல்லை, அரசுத் திட்டங்கள் வழியாகவும் செய்யலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை மட்டும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. சம்பளச் சீட்டு கொடுப்பது கட்டாயம். கூலியில் என்ன பிடித்தாலும் மொத்தத்தில் பாதிக்கு மேல் பிடிக்கக் கூடாது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். வேலையை விட்டு நின்றாலோ நிறுத்தினாலோ பாக்கிக் கூலி இரண்டு வேலை நாளுக்குள். கூலி பாக்கிக்கு மூன்று வருடத்துக்குள் மனுப் போடலாம். 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருடம் ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை உண்டு. முதுகுவலியும் முட்டிவலியுமாக மலையில் நிற்கும் பெண்கள் இதைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும்.


கொடி பிடித்தவன் எழுதியது:

வக்கீல் தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் தங்கச்சி, நல்லதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதே. நான் சங்கத்தில் 20 வருடமாக இருக்கிறேன். இந்தச் சட்டத்தை எதிர்த்து நவம்பர் 26 அன்று நாடு முழுக்க மத்தியத் தொழிற்சங்கங்கள் போராட்டம் நடத்தின, நாங்களும் தெருவில் நின்றோம். ஏன் நின்றோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

எஸ்டேட்டுக்கு நேராகப் படுகிற விஷயம் இது. முன்பு 100 பேர் வேலை பார்க்கும் தோட்டத்தை மூட வேண்டும், ஆளைக் குறைக்க வேண்டும் என்றால் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். இப்போது அந்த எண்ணிக்கை 300. நீலகிரியில் எத்தனை எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளி 300 பேர் இருக்கிறார்கள் என்று கண்ணை மூடி எண்ணிப் பார். ஒரு காலத்தில் பெரட்டுக் களம் நிறைந்து நின்ற இடத்தில் இப்போது பாதி ஆள் கூட இல்லை. 100-க்கும் 300-க்கும் நடுவில் இருக்கிற தோட்டங்களில் இருந்த ஒரு தடுப்பு போய்விட்டது. வேலைநிறுத்தம் என்றால் இனி எல்லாத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தக் கணக்குதான். நாளைக்கு போனஸ் விஷயத்தில் கோபம் வந்து யாராவது திடீரென்று கூடையைக் கீழே வைத்துவிட்டால் அவர்கள் பேரில்தான் தப்பாகும். இதைத் தெரியாமல் செய்து மாட்டிக்கொள்ளக் கூடாது.

அப்புறம் 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு கட்டாயம். நிர்வாகத்தின் ஆள் எத்தனையோ தொழிலாளி ஆளும் அத்தனை இருக்க வேண்டும், பெண்களுக்கும் அதில் இடம் வேண்டும். உன் அம்மா மாதிரி ஒருவர் அதில் உட்காரட்டும். நாங்கள் வெளியே நின்று சத்தம் போடுவதும் வேண்டும், உள்ளே ஒருவர் உட்கார்ந்து கேட்பதும் வேண்டும்.


தாண்டிக்குடி காப்பி எழுதியது:

பழனி மலையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் பெரிய எஸ்டேட் குறைவு. காப்பி, மிளகு, வாழை, அவக்காடோ என்று மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர்கள்தான் அதிகம், நானும் அப்படித்தான். பழம் எடுக்கிற காலத்தில் எட்டுப் பேர் வருவார்கள், சாயங்காலமே கூலியைக் கையில் கொடுத்துவிடுவேன். இதைப் படித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. குறைந்தபட்சக் கூலி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பதெல்லாம் கூலித் தொகுப்பில் எல்லாருக்கும் பொருந்தும், சிறுவிவசாயி என்று விலக்கு இல்லை. எங்கள் ஊரில் பழம் பறிக்க வருகிற பெண்ணுக்கு ஒரு கூலி, அதே செடியில் பறிக்கிற ஆணுக்கு ஒரு கூலி என்று நாங்கள் எல்லாருமே கொடுத்து வருகிறோம். பழைய 1976 சட்டத்திலேயே அது தப்பு என்று இப்போது தெரிகிறது. அதனால் கூலி வாங்குகிறவர்களுக்கு மட்டும் சொன்னால் போதாது, கொடுக்கிற எங்களுக்கும் யாராவது வந்து சொல்ல வேண்டும். இந்தப் பருவத்தில் என் தோட்டத்தில் ஒரே கூலிதான்.

வேலைக்கு வருகிறவர்கள் அமைப்புசாராத் தொழிலாளருக்கான அரசின் இ-ஷ்ரம் பதிவு போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன், எட்டுப் பேரில் இரண்டு பேர்தான் போட்டிருந்தார்கள். 16 முதல் 59 வயதுக்குள் இருந்தால் போடலாம், ஆதாரும் பேங்க் கணக்கும் போதும். வத்தலக்குண்டு போகும்போது மீதிப் பேரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.


கூடலூர் நர்ஸ் எழுதியது:

ஒரே ஒரு விஷயம். உங்கள் எஸ்டேட்டிலும் ஜார்க்கண்ட், ஒடிசா பிள்ளைகள் இருப்பார்கள். தமிழ்க் கூட்டத்துக்கு அவர்கள் வர மாட்டார்கள், வந்தாலும் பின்னால் நின்றுவிட்டுப் போவார்கள். வெளிமாநிலத் தொழிலாளிக்குச் சொந்த ஊர் போய்வரப் பயணப்படி என்று புதிய சட்டத்தில் தனியாகவே இருக்கிறது. அவர்களில் தமிழ் பேசத் தெரிந்த ஒரு பெண்ணை முதலில் பிடியுங்கள். தடுப்பூசி போட்ட காலத்தில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். நான் பத்து நாள் சொல்லி நடக்காதது, அந்தப் பெண் ஒரு சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து பேசியதில் நடந்தது.


கோத்தகிரி மகள் மறுபடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, கூட்டம் முடிந்து இப்போதுதான் உட்கார்கிறேன்.

22 பேர் வந்தார்கள், நர்ஸ் அக்கா சொன்னதைக் கேட்டு ஜார்க்கண்ட் பெண்கள் மூன்று பேரையும் கூப்பிட்டிருந்தேன். சீட்டைக் கொண்டுவரச் சொன்னதில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றில் எடுத்து வந்தார்கள், பிஸ்கட் டப்பா, மஞ்சள் பை, ஒருவர் பைபிளுக்குள் வைத்திருந்தார். முதலில் அத்தையின் கணக்கு. சிலேட்டில் போட்டுக் காட்டினேன், ஐயா. அத்தை தொகையைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னார். இரண்டாவது தடவையும் அதே தொகை வந்ததும், மகன் வாங்கின கடனை அடைத்த பிறகு எவ்வளவு மிஞ்சும் என்று அவரே விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர்களே கேட்டார்கள், இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது.

300 பேர் விஷயத்தைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் எஸ்டேட்டில் இப்போது நிரந்தரத்தில் 140 பேர். சொன்னது தப்போ என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் அம்மாதான், தெரியாமல் இருப்பதற்குத் தெரிந்துகொண்டு பயப்படுவது மேல் என்றார். கொடி அண்ணா, குறைதீர்ப்புக் குழுவுக்கு அம்மா பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்கள், அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

நியமனக் கடிதம் 22 பேரில் நான்கு பேரிடம்தான் இருக்கிறது. மீதி 18 பேருக்கும் சேர்த்து ஒரே மனுவாக எழுதி, ஒவ்வொருவரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருக்கிறார்கள். நாளைக் காலை பெரட்டு முடிந்ததும் ஆபீஸில் கொடுத்துவிட்டு, நகலில் சீல் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். ஐந்து பேருக்குப் பெயர் பொருந்தவில்லை, அவர்களைச் சனிக்கிழமை ஆதார் மையத்துக்குக் கூட்டிப் போக வேண்டும், கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டேன்.

பாட்டியிடம் வக்கீல் அண்ணா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். அந்தப் பேப்பரைக் கொடு என்று வாங்கி, அரிசிப் பானைக்கு மேலே இருக்கிற சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.